சொன்னவர் யார் என்று மலைக்கே தெரியும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி இருந்தன. ஒரே தொழிலில் இருப்பவர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட வாட்ஸ்அப் குழுக்களில் வேலையிடத்துத் துயரத்தைப் பேசலாமா, பேசினால் என்ன நேரும், ஒருவர் மனம்விட்டு எழுதும்போது மற்றவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கவலை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் 27 ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள் நான். என் காலத்தில் இந்தப் பேச்சு கொழுந்து நிறுக்கும் இடத்திலும் லைன் வீட்டு வாசலிலும் நடந்தது. இன்று கைபேசியில் நடக்கிறது. சொல்பவரின் அச்சமும் கேட்பவரின் தடுமாற்றமும் அன்று இருந்தபடியே இருக்கின்றன. எழுதியவர்களின் ஒப்புதலோடு, அவர்கள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். மாவட்டத்துச் செவிலியர்கள் சுமார் 140 பேர் உள்ள ஒரு குழுவில் 6 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற மாதம் தொடர்ந்து 9 இரவுகள் பணி செய்த களைப்பில், ஒரு நோயாளிக்கு உரிய ஊசியை அடுத்த படுக்கையில் இருந்தவருக்குப் போட இருந்தேன். மருந்துச் சீட்டைக் கடைசி நேரத்தில் மறுபடியும் பார்த்ததால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அதைக் குழுவில் எழுதினேன். ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’, ‘அனுசரித்துப் போங்கள் சிஸ்டர்’ என்று பதில்கள் வந்தன. கும்பிடும் கைப்படங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் வேறு மருத்துவமனையின் வேலை விளம்பரத்தைப் போட்டார். மறுநாள் காலை எங்கள் கண்காணிப்பாளர் என்னை அழைத்து, ‘வெளியில் என்ன பேசிக்கொண்டிருக்கிறாய்?’ என்று கேட்டார். மனம்விட்டுப் பேசியது என் தவறா?

பதில்: இல்லை, மகளே. ஆபத்து நேர இருந்ததை உணர்ந்து கை நடுங்கியது நீங்கள் பொறுப்புள்ள செவிலியர் என்பதற்கு அடையாளம். அதைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது இயல்பு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் நேரும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள பிரிவுகளில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருக்கக் கண்டார். அங்கே தவறுகள் அதிகமாக நடந்தன என்று அதற்குப் பொருளில்லை. நடந்ததை அச்சமின்றிச் சொல்ல அங்கே இருந்தவர்களால் முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். உங்களுக்குக் கிடைத்த பதில்களையும் மறுநாள் நடந்ததையும் பார்த்த மற்ற 139 பேரில், இனி எத்தனை பேர் தமக்கு நேர்ந்ததை வாய் திறந்து சொல்வார்கள் என்பதே என் பெருங்கவலை.

குழுவில் பதில் எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்றவர், நீங்கள் தனியாக இல்லை என்று ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அந்த வாக்கியம் உங்கள் காதில், இதில் பேச ஒன்றுமில்லை என்று விழுந்தது. ‘அனுசரித்துப் போங்கள்’ என்றவர் தாம் அனுசரித்துப் போன ஆண்டுகளை எண்ணிச் சொல்லியிருப்பார். வேலை விளம்பரம் போட்டவர் ஒரு வழி காட்டியதாகவே நம்பியிருப்பார். இத்தனை பேரில் ஒருவர்கூட, ‘கை நடுக்கம் நின்றதா? இன்று இரவும் உங்களுக்குப் பணி இருக்கிறதா? கொஞ்சமாவது தூங்கினீர்களா?’ என்று கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நோயாளியிடம் நாள்தோறும் இத்தகைய கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள், சக செவிலியரிடம் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இனி மலைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் மருத்துவமனையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் குன்னூர்ப் பக்கம், தனியார் மருத்துவமனை, தொடர்ந்து 9 இரவுகள் என்ற மூன்று விவரங்களும் சேர்ந்தால், சென்னையில் நூறு பேரைக் குறிக்கக்கூடிய செய்தி இங்கே ஒருவரை மட்டும் குறிக்கும். நம் ஊர்களில் கண்காணிப்பாளரின் தங்கையும் உங்கள் வார்டு உதவியாளரின் அண்ணியும் ஒரே பேருந்தில் வருபவர்கள். ஆகவே 140 பேர் கொண்ட குழுவை நான்கு பேர் தேநீர் குடிக்கும் ஓய்வறையாக எண்ணிவிடக் கூடாது; அது சந்தைக்கடை வாசல். உடனே மனத்தில் உள்ளதைக் கொட்ட வேண்டியிருந்தால், உங்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு அல்லது மூன்று பேரை அழைத்துப் பேசுங்கள். பெரிய குழுவின் பயன் வேறு. ‘தொடர் இரவுப் பணிக்குப் பிறகு உங்கள் இடத்தில் எத்தனை நாள் ஓய்வு தருகிறார்கள்? அதிகபட்சம் எத்தனை இரவுகள் தொடர்ந்து போடுகிறார்கள்?’ என்று அங்கே கேட்டிருந்தால், எவரும் தம்மைக் காட்டிக்கொடுக்காமல் பதில் சொல்லியிருக்க முடியும். உங்களுடைய 9 இரவுகள் வழக்கமா, வரம்பு மீறியதா என்பதும் தெரிந்திருக்கும். தன் குறையாக நினைத்து ஒருவர் வெட்கப்பட்டுக் கொண்டிருந்தது பணிப் பட்டியலின் குறை என்று தெரியவரும் இடம் அதுதான்.

கண்காணிப்பாளர் கேட்ட கேள்வி கடுமையானது. ஆயினும் அதைக் கதவாக்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், அன்று வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, உடன் பணியில் இருந்தவர்களின் எண்ணிக்கை, அது உங்களுக்கு எத்தனையாவது தொடர் இரவு, எந்த நிலையில் தவறு தடுக்கப்பட்டது ஆகியவை மட்டும் போதும். எவரையும் பழிக்க வேண்டாம். தர அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில், தீங்கு நேராமல் தப்பிய நிகழ்வுகளையும் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அத்தகைய படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள், கொடுத்ததன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, வேலையால் வரும் முழுச்சோர்வை (பர்ன்அவுட்) தனிமனிதரின் நோயாக வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. உங்கள் உடம்பைத் தேற்றிக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. பணிப் பட்டியலைத் திருத்துவது அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

கேள்வி: கொடைக்கானலில் தங்கும் விடுதி, காட்டேஜ் பணியாளர்கள் 200 பேருக்கு மேல் உள்ள ஒரு குழுவுக்கு நான் அட்மின். எந்த விடுதியில் அறை காலியாக இருக்கிறது, வண்டி கிடைக்குமா, விருந்தினரின் இ-பாஸில் என்ன சிக்கல் என்பன போன்றவற்றுக்காகத் தொடங்கிய குழு அது. இந்த ஆண்டு சீசன் தொடங்கியதிலிருந்து சம்பளப் பாக்கி, வார விடுமுறை இல்லாமை, விருந்தினர்களின் வசவு என்று எழுதுகிறார்கள். குழுவில் முதலாளிகள் சிலரும் இருக்கிறார்கள். வேலைப் பிரச்சினையே பேசக் கூடாது என்று தடை போட்டுவிடலாமா? நாளை வழக்கு என்று வந்தால் என் தலையில்தானே விழும்?

பதில்: முதலில் உங்கள் அச்சத்தைத் தீர்க்கிறேன், தம்பி. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர்நீதிமன்றம் 2022-லும், குழுவில் மற்றொருவர் இட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றப்பொறுப்புக்கு உள்ளாக்க முடியாது என்று தீர்ப்பளித்திருக்கின்றன. அந்தப் பதிவில் உங்களுக்கும் பங்கோ முன்கூட்டிய திட்டமோ இருந்தால் நிலைமை வேறு. ஒருவரைப் பெயர் சொல்லி அவதூறு எழுதினால், எழுதியவர் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதைக் குழுவினருக்கு எடுத்துச் சொல்வது உங்கள் கடமை. அதற்காகப் பேச்சையே நிறுத்துவது கடமையாகாது.

தடை போட வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு உங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தலைவலி, கை நடுக்கம், சிறுநீரகக் கோளாறு என்று ஒவ்வொருவரும் தத்தம் உடம்போடு வைத்துக்கொண்டிருந்தால் அவை தனித்தனி வீட்டுக் கஷ்டங்களாகவே முடிந்துபோயிருக்கும். முன்னாள் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து பேசியதாலும், பேசியதை விடாமல் முன்வைத்ததாலும், ஆலை மூடிய 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், 591 பேர் தொடர்பான உடன்பாடு ஏற்பட்டது. உங்கள் குழுவில் எழுதப்படும் சம்பளப் பாக்கி அந்த அளவு கொடுமையானதல்ல என்று தோன்றலாம். ஆனால் பாக்கி வர வேண்டிய மூன்று பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அதே வழியில்தான்.

ஆனால் முதலாளிகளும் பணியாளர்களும் ஒரே இடத்தில் இருக்கும்போது திறந்த பேச்சு நடக்காது, நடப்பதுபோல் தோன்றினாலும் அதில் உண்மை இருக்காது. அறை, வண்டி, இ-பாஸ் ஆகியவற்றுக்கு இப்போதுள்ள குழுவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர்கள் மட்டும் உள்ள சிறிய குழு ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள். எவரைச் சேர்ப்பது என்பதை அங்கிருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆள் பெயரும் விடுதிப் பெயரும் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்ற ஒரு வரியையும், இங்கே எழுதப்பட்டதை எழுதியவரைக் கேட்காமல் வேறெங்கும் அனுப்பக் கூடாது என்ற இன்னொரு வரியையும் குழுவின் முகப்பில் எழுதி வையுங்கள். எல்லை மீறிய செய்தியை அட்மினாகிய நீங்கள் நீக்க முடியும். ஆனால் அதற்குள் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டை நீக்க உங்களால் முடியாது. ஆகவே நீக்குவதைவிட, எழுதியவரை உடனே தனியாக அழைத்து, ‘கோபம் நியாயமானது, இந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் போடலாமா?’ என்று கேட்பது நல்லது. கேட்காமல் நீக்கப்பட்ட செய்தி, எழுதியவருக்கு இரண்டாவது அவமானமாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அலைமோதும்போது எழுபவை வசவும் தூக்கமின்மையும்; ஜூன் முதல் மழையும் பனிமூட்டமும் இறங்கி அறைகள் காலியான பிறகு வருவது வேலை போய்விடுமோ என்ற அச்சம். முன்னதைப் பற்றிக் குழுவில் சத்தமாக எழுதுவார்கள், பின்னதைப் பற்றி எழுத மாட்டார்கள். அப்போது நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: கோத்தகிரியில் பேக்கரியும் கடையும் நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு குழு வைத்து என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. அதில் உள்ள ஒருவர் மூலம் ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பார்ப்பதில் என்ன தவறு?

பதில்: வாங்காதீர்கள், ஐயா. அந்த ஒருவரை நீங்கள் உளவாளியாக்கிவிட்டால், மற்ற 13 பேரும் உங்கள் முகத்துக்கு நேராக எதையும் சொல்லப் போவதில்லை. அவர்கள் பேசுவது உங்களைப் பற்றியா, நாள் முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பதைப் பற்றியா என்று நீங்களே கடைக்குள் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா? 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பெண்கள் மீதான பாலியல் தொல்லை குறித்து விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அதை அமைத்தீர்களா? இவ்விரண்டையும் செய்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் கடை திறப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். முதல் சில வாரங்கள் எவரும் பேச மாட்டார்கள். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் ஒரு கடையில் நாங்கள் 7 பேர் வேலை செய்கிறோம். மேலாளர் என்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதைத் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் மேல் இருந்த பாசத்தால், கடைப் பணியாளர் குழுவில் என் பெயர் இல்லாமல் அதை எழுதிவிட்டாள். நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பலர் எனக்காகக் கோபப்பட்டார்கள். ஆனாலும் எனக்குத் தெருவில் நடக்கவே கூசுகிறது. தோழியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. புகார் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: மகளே, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள், மற்றவற்றைப் பிறகு பேசுவோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடந்த நாளிலிருந்து, பலமுறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து, 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதங்கள் வரை நீட்டித்துத் தரலாம். குழுவில் எத்தனை பேர் கோபப்பட்டு எழுதினாலும் அது புகாராகாது. உங்கள் கடையில் 10 பேருக்கும் குறைவாக இருப்பதால், நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழு. நகராட்சி அளவில் இதற்கெனப் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் புகாரைக் கொடுத்தால் 7 நாட்களுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டியது அவர் கடமை. எழுத இயலாவிட்டால் எழுத உதவி செய்ய வேண்டியது அந்த உள்ளூர்க் குழுவின் கடமை. விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சமரசம் ஆகிவிடு என்று எவராவது சொன்னால், பணத்தை அடிப்படையாகக் கொண்ட சமரசத்தை இந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை என்று சொல்லுங்கள். வழக்கறிஞர் உதவி வேண்டுமானால் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

இதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை எவ்வகையிலும் வெளியிடக் கூடாது என்கிறது. புகாரோடு நேரடியாகத் தொடர்புடையவர்களுக்கு மட்டுமல்லாமல் நம் எல்லோருக்கும் அந்தப் பிரிவு ஒரு பாடம் என்றே நினைக்கிறேன். துயரம் யாருடையதோ அதை எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் சொல்வது என்பதும் அவருடையதே.

இதை நான் உங்கள் தோழியின் இடத்தில் நின்று கற்றவள். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், நிறுக்கும்போது தம் கணக்கில் நாள்தோறும் கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று, எவரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த வாரமே நிர்வாகத்தோடு நடந்த கூட்டத்தில், அவர் பெயரைச் சொல்லாமல், எந்தத் தேயிலைக் காட்டில் எந்த நாளில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று விவரமாகப் பேசினேன். கழிப்பது குறைந்தது. ஆனால் மூன்றாம் நாள் அந்த அம்மாவை, முழங்கால் வலியோடு ஏற முடியாத செங்குத்தான காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் நேரில் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டீச்சர்’ என்றார். அந்தத் தோட்டத்தில் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். நான் அவருக்கு நல்லது செய்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, யார் என்னிடம் எதைச் சொன்னாலும், ‘இதை நான் கேட்டுக்கொண்டால் போதுமா, யாரிடமாவது எடுத்துச் சொல்ல வேண்டுமா? சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும்?’ என்று கேட்காமல் அந்த இடத்தைவிட்டு எழுந்ததில்லை.

உங்கள் தோழிக்கு இது புரிய வேண்டும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினாலே போதும். செய்தியை நீக்கி, அதைப் படித்தவர்கள் மேலும் பரப்ப வேண்டாம் என்று அவர் குழுவில் கேட்டுக்கொள்ளட்டும். புகார் கொடுக்க நீங்கள் முடிவு செய்தால், அலுவலகத்துக்கு உங்களோடு வந்து வெளியில் காத்திருக்க ஒருவர் தேவைப்படுவார். அப்போது அவரை அழைக்க மனம் வந்தால் அழையுங்கள். வராவிட்டால் உங்களை எவரும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: கூடலூர் வட்டத்தில் தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கிறேன், வயது 46. எங்கள் தொழில் குழுவில் அறிமுகமான ஓர் இளைஞர் இரவு 11 மணிக்கு மேல் தனியாகச் செய்தி அனுப்புகிறார். மேலிடத்து ஏச்சு, ஆள் பற்றாக்குறை, விடியற்காலையில் யானை நிற்கும் காட்டுக்குள் ஆட்களை அனுப்ப வேண்டிய பயம் என்று எழுதுவார். கடந்த வாரம், ‘என்னால் முடியவில்லை அண்ணா’ என்றார். ‘தைரியமாக இரு’ என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பதில்: ஐயா, அவருக்குத் தைரியம் குறைவில்லை. யானை நிற்கும் காட்டுக்கு ஆட்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும் வரை பொறுப்பைச் சுமப்பவரிடம் தைரியமாக இரு என்றால், தாம் சொன்னதை எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்ளவில்லை என்றே தோன்றும். அவர் எழுதியதையே எடுத்துக்கொண்டு கேளுங்கள். ‘இன்று என்ன நடந்தது? ஏசும்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்களா? காட்டுக்குள் போக வேண்டாம் என்று நீ சொல்ல முடிகிறதா, சொன்னால் யார் தடுக்கிறார்கள்?’ இத்தகைய கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது அவருக்கே தம் நிலைமை தெளிவாகும். உங்கள் அனுபவத்தைச் சொல்லலாம், ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகு. ‘எனக்கும் இப்படி நடந்தது’ என்று முதல் வரியிலேயே தொடங்கினால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும்.

‘என்னால் முடியவில்லை’ என்ற சொல்லை மட்டும் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. எழுத்தில் அல்ல, அழைத்துப் பேசுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். ‘தம்பி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது; மனநல மருத்துவர்கள் அப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், வீட்டில் அவர் நம்பும் ஒருவரிடம், அவருக்குத் தெரிவித்தே, சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும், கேட்காமல் சொல்லக் கூடாது என்று மேலே எழுதியதை நான் தளர்த்துவேன். அரசின் டெலி மனஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நீங்களும் மறுநாள் விடியற்காலை பணிக்குப் போக வேண்டியவர். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு, ‘இரவு 10 மணிக்குள் கூப்பிடு, முழுதாக உட்கார்ந்து கேட்கிறேன்’ என்று சொல்வதில் தவறில்லை. அரைத்தூக்கத்தில் அனுப்பும் நான்கு சொற்களைவிட அது அவருக்கு உதவும்.

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியர்களின் குழு ஒன்றில், ஓர் ஆசிரியை 2 மாதச் சம்பளம் வரவில்லை என்றும், கோடை விடுமுறையிலும் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக அனுப்புகிறார்கள், வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார். ‘விரும்பிச் செய்தால் எந்த வேலையும் சுமையாகத் தெரியாது’ என்று பதில் போட்டேன். 30 பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். என் வீட்டிலேயே அந்த நிலைமை வந்தபோதுதான், நான் எழுதியது எப்படிப்பட்டது என்று உறைத்தது. இனி என்ன செய்யலாம்? (குன்னூர் வாசகர்)

பதில்: குழுவில் பொதுவாக மன்னிப்புக் கேட்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்டால் உங்களுக்குப் பாராட்டு வரும், அவருக்கு ஒன்றும் வராது. நேரடியாக அவருக்கு எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை அப்படியே குறிப்பிட்டு, அது தவறு என்று சொல்லுங்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்ற விளக்கம் வேண்டாம், உங்கள் வீட்டு நிலைமையும் இப்போதைக்கு வேண்டாம். சம்பளம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால், தொழிலாளர் துறையில் மனு எழுதத் தெரிந்த மூத்த ஆசிரியர் எவராவது உங்கள் குழுவில் இருப்பார், அவரிடம் பேசட்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் பேசுங்கள். அவர் பதில் எழுதாமலே இருக்கலாம். அதற்காக மறுபடியும் மறுபடியும் எழுதித் தொந்தரவு செய்யாதீர்கள். அதன் பிறகு குழுவில், அவர் பெயரைச் சொல்லாமல், அன்று நான் போட்ட பதிலைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி எழுதினால் போதும்; கட்டைவிரல் உயர்த்திய 30 பேரும் அதைப் படிப்பார்கள். சேர்க்கைக்காக அலைந்துவிட்டு அவர் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அவர் வந்து ஒரு வாய் காப்பி குடித்து முடிக்கும் நேரம் பார்த்து அனுப்புங்கள்.